தளர்த்துதல் வேறு, தாழ்த்துதல் வேறு
நாற்றந்திப் பேஸ் கிற்றாரைத் தாழ்ந்த சுருதிக்கு அமைக்கும் முறை

நிலாக்காலத்து இரவில் மட்டக்களப்பு வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு தலையை நீருள் அமிழ்த்தி, மற்றைத் தலையைச் செவியோடு சேர்த்துக் கல்லடிப் பாலத்தருகே எழும் மீனிசையைக் கேட்டல் நம் நாட்டார்க்குப் பழகிய வழக்கம். காற்று வழியே எட்டாத ஒலி மரத்தின் வழியே வந்து செவியை எட்டுகின்றது. நரம்பும் மரமும் கூடி ஒலிக்கும் கருவிகளைப் பற்றி யாம் எழுதப் புகும்போது அத்துடுப்பே முதலில் நினைவிற்கு வருகின்றது.

மீன்பாடும் தேன்நாடு எனப் புகழ்பெற்ற இந்நாட்டுக் காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழை நூல்வழியும் கணக்குவழியும் மீட்டெடுக்க ஏறத்தாழ 14 ஆண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஆனி மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, யூலை 19ஆம் நாள், அவர் மறைந்தார். அந்நூலின் பெயரை அறியாத மாணவர் நம்மிடையே இலர். ஆயின் அதனுள் நரம்பைப் பற்றிச் சொல்லப்பட்டன நம் இசையறையில் நாள்தோறும் பயன்படுவன என்பதை அறிந்தார் சிலரே. யாமும் அண்மைக் காலம் வரை அறிந்திலேம். அறிவித்தது ஒரு பேஸ் கிற்றார்.

மூலையிற் சாத்தப்பட்ட கருவி

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் நம் கல்லூரி இசைக் குழுவுக்கு உவந்து அளித்த கருவி அது. நான்கு தந்திகள் உடையது, மின்வழி ஒலிப்பது. குழுவிலே முதற் பாட்டுக்காரனாக விளங்கிய மாணவன் ஒருவனுக்குப் பருவத்தின் இயல்பால் குரல் உடைந்தது. மூன்று கட்டைச் சுருதியில் பாடியவன் இரண்டு கட்டைக்கு மேல் ஏற மாட்டாதவனானான். தோழர்கள் அவனுக்கு இரங்கிக் கிற்றாரின் நான்கு பிருடைகளையும் தளர்த்தி ஒரு முழுச் சுரம் இறக்கினார்கள். தந்திகள் மெட்டுகளில் மோதிச் சலசலத்தன, ஒலி மழுங்கியது, மேல் மெட்டுகளில் சுருதி பிசகியது.

“சேர், கம்பியெல்லாம் செத்துப்போச்சு. இனி இத வச்சு வாசிக்க ஏலா” என்றான் ஒருவன். கருவியை மூலையில் வைத்துவிடுவது என்றும், பாடுவதற்கு வேறொரு சிறுவனைத் தேடுவது என்றும் குழுவினர் முடிவு செய்தனர். குரல் உடைந்த மாணவன் யாதொன்றும் பேசாது நின்றான். அவன் முகம் எமக்கு அந்த இரண்டு முடிவுகளையும் உவப்பற்றனவாக்கியது.

யாம் தமிழ் கற்பிப்போர், கிற்றார் வாசித்தறியோம். எனினும் அன்று யாம் கேட்ட சலசலப்புக்குச் சிலப்பதிகாரத்திலே பெயர் உண்டென்பது நினைவிற்கு வந்தது. யாழிசைக்கு உரிய குற்றங்களாக வேனிற்காதை நான்கனைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்பன. பண்ணோடு பொருந்தாது ஒலித்தல் செம்பகை. அளவிறந்து ஒலித்தல் ஆர்ப்பு. எழவேண்டிய அளவு எழாது மழுங்கி ஒலித்தல் கூடம். ஓசை ஒன்றுபடாது சிதறி ஒலித்தல் அதிர்வு. தளர்த்தப்பட்ட அக்கிற்றாரிடம் இந்நான்கும் ஒருங்கே இருந்தன.

பௌதிகம் கற்பிக்கும் நண்பரையும், இசைக்கருவி பழுதுபார்க்கும் பழைய மாணவர் ஒருவரையும் துணைக்கொண்டு, சில மாலைகளில் அக்கருவியைச் செம்மை செய்தோம். கற்றவற்றை ஈண்டு முறைப்பட எழுதுகின்றோம். கருவியின் உறுப்புகளுக்கு வீணையின் சொற்களையே ஆள்கின்றோம். நரம்பைச் சுற்றி இறுக்குவது பிருடை. நீண்ட கழுத்து தண்டி. தண்டியின் தலையில் நரம்பு படியும் பள்ளங்களை உடையது மேரு. விரல் வைக்கும் இடத்தைப் பிரிப்பன மெட்டுகள். அடியில் நரம்பைத் தாங்குவது குதிரை. மாணவர் கம்பி என்பதும், யாம் தந்தி என்றும் நரம்பு என்றும் எழுதுவதும் ஒன்றே.

நரம்பின் மூன்று அளவுகள்

ஒரு நரம்பு எந்தச் சுரத்தை ஒலிக்கும் என்பதை மூன்று அளவுகள் உறுதி செய்கின்றன. முதலாவது நீளம், இரண்டாவது இழுவை, மூன்றாவது ஓர் அங்குல நரம்புக்கு உள்ள கனம். நீளம் இருமடங்கானால் அதிர்வு பாதியாகும். இழுவை நான்கு மடங்கானால் அதிர்வு இருமடங்காகும். கனம் நான்கு மடங்கானால் அதிர்வு பாதியாகும். 17ஆம் நூற்றாண்டிலே மெர்சேன் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் வகுத்த விதிகள் இவை. பௌதிக ஆய்வுகூடத்துச் சுரமானியில் நம் மாணவர் இன்றும் செய்து காண்பனவும் இவையே.

யாழை நோக்குக. வளைந்த கோட்டிலே கட்டப்பட்ட நரம்புகளுள் ஒன்று நெடியது, ஒன்று குறியது. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியது. தாழ்ந்த சுரத்துக்கு நெடிய நரம்பு. உயர்ந்த சுரத்துக்குக் குறிய நரம்பு. ஆகவே யாழின் உருவமே சுரங்களைப் பெரும்பாலும் வகுத்துவிடுகின்றது. பேஸ் கிற்றாரில் அவ்வாறில்லை. லியோ ஃபெண்டர் என்பார் 1951ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளியிட்ட பேஸ் கிற்றாரில், மேருவுக்கும் குதிரைக்கும் இடையே 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீற்றர். அதன்பின் வந்தவற்றுட் பெரும்பாலானவை அவ்வளவையே பின்பற்றின. நான்கு நரம்புக்கும் நீளம் ஒன்றே. ஆகவே தாழ்ந்த சுரத்துக்கு வழி இரண்டே: இழுவையைக் குறைத்தல், அல்லது கனத்தைக் கூட்டுதல்.

வழக்கமான சுருதியில் நான்கு நரம்பும் தடித்ததிலிருந்து மெல்லியது நோக்கி ஈ, ஏ, டீ, ஜீ என்னும் சுரங்களை ஒலிக்கும். செக்கனுக்கு முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 அதிர்வுகள். பெரிய டபிள் பேஸ் வாத்தியத்தின் சுருதியும் இதுவே. ஒரு முழுச் சுரம் இறக்கினால் டீ, ஜீ, சீ, எஃப் ஆகும். அதிர்வுகள் 37, 49, 65, 87 ஆகும்.

41க்கும் 37க்கும் வேற்றுமை சிறிது எனத் தோன்றலாம். ஆயின் இழுவை, அதிர்வின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரைச் சுரம் இறக்கினாலே இழுவையில் நூற்றுக்கு 11 பங்கு போகின்றது. முழுச் சுரம் இறக்கினால் 21 பங்கு போகின்றது. ஐந்து அரைச் சுரம் இறக்கினால் 44 பங்கு, அஃதாவது ஏறத்தாழப் பாதி, போய்விடுகின்றது. ஒரு நரம்பின் இழுவை ஏறத்தாழ 40 இராத்தல் என்று கொண்டால், நம் மாணவர் தளர்த்திய பின் அது 32 இராத்தலுக்குக் குறைந்தது. நான்கு நரம்புக்குமாக முப்பது இராத்தலுக்கு மேற்பட்ட பிடி அத்தண்டியை விட்டு நீங்கியது. அவர்கள் செய்தது தளர்த்துதல், தாழ்த்துதல் அன்று. தாழ்த்துதலாவது, சுரத்தை இறக்கி, இழந்த இழுவையை வேறு வழியால் ஈடுசெய்து, அதற்கேற்பக் கருவி முழுவதையும் மீண்டும் ஒழுங்கு செய்தல்.

நம் நாட்டுத் தம்புராவிலும் இதனைக் காணலாம். அதற்கும் நரம்பு நான்கு. பஞ்சமம் இல்லாத இராகம் பாடும்போது பஞ்சம நரம்பை மத்திமத்துக்கு இறக்குவதுண்டு. அது சரியாக ஒரு முழுச் சுரம். அதிர்வு 9 பங்கிலிருந்து 8 பங்காகும். இழுவை 81 பங்கிலிருந்து 64 பங்காகும். பிருடையைத் திருப்பியதோடு தம்புராக்காரர் எழுந்துவிடுவதில்லை. குதிரையின்மேல் நரம்புக்கு அடியிலுள்ள நூலை நகர்த்தி, ஜீவன் மீண்டும் பேசும் இடத்தைத் தேடுகின்றார். நாம் கிற்றாருக்குச் செய்யவேண்டியதும் அதுபோன்ற தேடலே.

கூடம்: மழுங்கிய ஒலிக்கு மருந்து

இழுவை குறைந்த நரம்பு மழுங்கி ஒலிக்கும். அதற்கு மருந்து கனமான நரம்பு. நரம்பின் தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கால் அளப்பர். பொதுவான கட்டில் மெல்லிய நரம்பு 45, அடுத்தவை 65, 85, தடித்தது 105. கனம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே முழுச் சுரம் இறக்கியும் பழைய இழுவை நிற்கவேண்டின், தடிப்பை ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்களவு கூட்டவேண்டும். 45 ஐம்பதாகும், 65 எழுபத்துமூன்றாகும், 85 தொண்ணூற்றைந்தாகும், 105 நூற்றுப்பதினெட்டாகும். சுற்றுக்கம்பி நரம்புகளுக்கு இக்கணக்கு அண்ணளவானதே.

கடையில் இவ்வெண்கள் அப்படியே கிடையா. 50இல் தொடங்கி 110ஐ ஒட்டி முடியும் கட்டு கிடைப்பின் போதும். 110 தடிப்புள்ள நரம்பு பழைய இழுவையில் நூற்றுக்கு 87 பங்கைத் தரும். மெல்லிய நரம்பைத் தளர்த்தினால் கிடைக்கும் 79 பங்கினும் இது மேலானது. ஐந்து அரைச் சுரம் இறக்கி பீ, ஈ, ஏ, டீ என அமைக்க விரும்புவோர், ஐந்து தந்திக் கிற்றாருக்குரிய கட்டை வாங்கி, மெல்லிய நரம்பை நீக்கி, எஞ்சிய நான்கையும் பூட்டுவர். அவற்றுள் தடித்தது பெரும்பாலும் 130 அளவினது.

நரம்பு மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுதல் நன்று. தண்டியின் பிடி ஒருங்கே நீங்காது. பிருடைக் கம்பத்துக்கு அப்பால் நான்கு ஐந்து அங்குலம் விட்டு, முதலில் நரம்பை மடித்து, பின்பே நறுக்குக. மடியாமல் நறுக்கினால் சுற்றுக்கம்பி அவிழ்தல் கூடும். இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழ்நோக்கி ஒழுங்காக அமையவேண்டும்.

அடுத்து மேருவை நோக்குக. 105க்கு வெட்டிய பள்ளத்தில் 130 இறங்காது. பள்ளத்தின் மேல் ஏறி நிற்கும். அல்லது நெருக்குண்டு சிக்கும். சிக்கிய நரம்பு பிருடையைத் திருப்பும்போது அசையாது நின்று, பின் திடீரெனச் சுரம் தாவும். அவ்வாறு தாவினால் பள்ளம் ஒடுக்கம் என்று அறிக. அரம் கொண்டு பள்ளத்தின் பக்கங்களைச் சிறிது சிறிதாக அகலிக்கலாம், ஆழத்தைக் கூட்டலாகாது. அகலித்த பள்ளத்தைப் பின்னர் ஒடுக்க இயலாது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஒரு விழாவுக்காக மட்டும் தாழ்த்துவோர் அரத்தைத் தொடாதிருப்பதே அறிவுடைமை. பழைய பள்ளம் ஏற்கும் அளவிற்குள் நரம்பைத் தேர்க.

நரம்பு பழையதாயினும் கூடம் தோன்றும். வாவிக் காற்றின் உப்பும் விரல் வியர்வையும் உருக்கு நரம்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு நரம்பையும் துடைத்தல் ஒரு நிமிட வேலை.

அதிர்வு: சலசலப்பின் காரணம்

நரம்புகளின் இழுவை தண்டியை முன்னோக்கி வளைக்கின்றது. அதனை எதிர்த்து நிற்கத் தண்டியின் உள்ளே ஓர் இரும்புக் கோல் ஓடுகின்றது. வாத்தியக்காரர் அதனை ட்ரஸ் ரொட் என்பர். இரண்டு வலிமையும் சமமாக நிற்கும்போது தண்டி மிகச் சிறிய முன்வளைவோடு இருக்கும். நரம்பைத் தளர்த்தினால் கோலின் வலிமை மிகுந்து தண்டி பின்னோக்கிச் சாயும். நரம்பு மெட்டுகளை நெருங்கும். மேருவை அடுத்த மெட்டுகளில் சலசலப்பு எழும். தளர்ந்த நரம்பு அகலமாக ஆடுவதும் அதனோடு சேரும். நம் மாணவர் கேட்ட அதிர்வு இதுவே.

சோதிக்கும் முறை எளிது. கருவியைச் சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்க. தடித்த நரம்பை முதல் மெட்டிலும், தண்டி உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒருங்கே அழுத்துக. இடையே ஏழாம் அல்லது எட்டாம் மெட்டின்மேல் நரம்புக்கு அடியில் ஒரு பெயரட்டை நுழையும் இடைவெளி இருத்தல் வேண்டும், அளவில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். இடைவெளியே இல்லையாயின் தண்டி பின்சாய்ந்துள்ளது. கோலின் திருகை அலன் சாவியால் இடஞ்சுழியாகத் தளர்த்துக. மிகுதியாக இருந்தால் வலஞ்சுழியாக இறுக்குக. ஒரு தடவைக்குக் கால் சுற்றே. அதற்கு மேல் வேண்டா. பின் மீண்டும் சுருதி சேர்த்து, சற்றுப் பொறுத்து அளந்து பார்க்க. திருகு இறுகி நின்றால் வலிந்து திருப்பலாகாது. அறிந்தவர் கையிற் கொடுத்தலே தக்கது. கனமான நரம்பு பூட்டிப் பழைய இழுவையை மீட்டவர்க்குக் கோலைத் தொடவேண்டிய தேவையே பெரும்பாலும் வாராது.

தண்டி செம்மையானபின் உயரம் பார்க்க. குதிரையின்மேல் ஒவ்வொரு நரம்புக்கும் தனித்தனித் தாங்கி உண்டு. அதன் சிறு திருகுகளால் நரம்பை உயர்த்தலாம், இறக்கலாம். பன்னிரண்டாம் மெட்டின்மேல் தடித்த நரம்புக்கு ஏறத்தாழ 2½ மில்லிமீற்றரும், மெல்லிய நரம்புக்கு 2 மில்லிமீற்றரும் தொடக்க அளவாகக் கொள்க. தாழ்ந்த சுருதியில் தடித்த நரம்புக்குச் சிறிது கூடுதலாக வேண்டியிருக்கும். அதிர்வு மேருப் பக்கத்து மெட்டுகளில் மட்டும் எழுந்தால் குற்றம் தண்டியின் வளைவில். உடற்பக்கத்து மெட்டுகளில் மட்டும் எழுந்தால் குற்றம் உயரத்தில். கோலைத் திருப்பி உயரக் குற்றத்தைத் தீர்க்க முயல்வது பலர் செய்யும் பிழை.

இந்நாட்டுப் பருவங்களும் தண்டியைச் சும்மா விடுவதில்லை. மாரியின் ஈரத்தில் மரம் நீர் உறிஞ்சும். கச்சான் வீசும் நாள்களில் உலரும். இரண்டும் வளைவை மாற்றும். பழைய உரையாசிரியர்கள் யாழின் குற்றங்களை அதன் மரத்தோடு சார்த்தி, நீரில் நின்ற மரம், அழுகிய மரம் என வகுத்தமை வெறும் கற்பனை அன்று. சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைமன்றத்திலே தன்முன் வைத்த யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்குகின்றான். மரத்தின் குற்றத்தைக் காண்கின்றான். நரம்பினுள் மயிர் கிடத்தலைக் காட்டுகின்றான். வாசிக்குமுன் கருவியைச் சோதித்தல் கலைஞன் கடன் என்பதற்கு அப்பகுதியே சான்று. ஆகவே மாரி தொடங்கும்போது ஒரு முறையும், கச்சான் தொடங்கும்போது ஒரு முறையும் தண்டியைச் சோதித்தல் நம் நாட்டு இசைக் குழுக்களுக்கு நல்ல வழக்கமாகும்.

செம்பகை: பண்ணோடு பொருந்தாமை

திறந்த நரம்பு சரியாக ஒலிக்க, அழுத்திய சுரம் பிசகுதல் செம்பகை. விரலால் அழுத்தும்போது நரம்பு சிறிது நீள்கின்றது. இழுவை சிறிது கூடுகின்றது. இறுகிய நரம்புக்கு அந்தக் கூடுதல் அற்பம். தளர்ந்த நரம்புக்கு அது பெரும் பங்கு. ஆகவே தளர்ந்த நரம்பு அழுத்தும்தோறும் சுரம் மிகுந்து ஒலிக்கும். தடித்த நரம்போ விறைப்பினால் இரு முனையிலும் எளிதில் வளைந்து ஆடாது. ஆடும் நீளம் சற்றுக் குறைந்ததுபோல் நடந்து, அதுவும் சுரத்தை உயர்த்தும். இரண்டிற்கும் மருந்து தாங்கியைப் பின்னே நகர்த்தி நரம்பின் நீளத்தைக் கூட்டுதல்.

பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் நட்டநடு. பாதி நீளம் இருமடங்கு அதிர்வைத் தரும். அம்மெட்டுக்கு நேர்மேலே விரலை நரம்பில் மெல்லத் தொட்டு மீட்டி, ஒலித்ததும் எடுத்துவிடுக. பின் அதே மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுரமாதல் வேண்டும். அழுத்திய சுரம் மிகுந்தால் தாங்கியைத் தண்டிக்கு அப்பால் தள்ளுக; குறைந்தால் தண்டியை நோக்கி நகர்த்துக. ஒவ்வொரு முறையும் திறந்த நரம்பை மீண்டும் சுருதி சேர்த்த பின்னரே ஒப்பிடுக.

மிகத் தாழ்ந்த சுரங்களைச் சுருதிக் கருவிகளும் கைப்பேசியிலுள்ள சுருதிமானிகளும் சில வேளைகளில் பிடிக்கமாட்டா. செக்கனுக்கு 31 அதிர்வுடைய பீ நரம்பு மனிதச் செவி கேட்கும் எல்லையாகிய 20ஐ நெருங்கி நிற்பது. அவ்வேளை பன்னிரண்டாம் மெட்டின்மேல் மெல்லத் தொட்டு எழுப்பிய இருமடங்குச் சுரத்தைக் கொண்டு சேர்க்கலாம். கிற்றாரின் உடலிலே செவியை வைத்தும் கேட்கலாம். துடுப்பின் வழியே மீனிசை கேட்ட நம் முன்னோர் வழி அது.

ஆர்ப்பு: அளவிறந்த ஒலி

கனமான நரம்பு பூட்டியபின் தடித்த நரம்பு மற்றவற்றை விழுங்கி ஒலித்தல் கூடும். நரம்புக்கு அடியிலே காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பெட்டி உண்டு, பிக்கப் என்பர். நரம்பு அதனை அணுகினால் ஒலி மிகும். மிக அணுகினால் காந்தம் நரம்பையே இழுத்து அதன் ஆட்டத்தைக் கெடுக்கும். கடைசி மெட்டை அழுத்தியபடி தடித்த நரம்புக்கும் பெட்டிக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இருக்கும்படி அப்பக்கத்தைத் திருப்புளியால் இறக்குக. மெல்லிய நரம்பின் பக்கம் 2 மில்லிமீற்றர் போதும். பின் நான்கு நரம்பையும் ஒரே வலிமையோடு மீட்டிச் செவியால் ஒப்பிடுக.

ஒலிபெருக்கியையும் மறத்தல் கூடாது. சிறிய ஒலிபெருக்கி செக்கனுக்கு 31 அல்லது 37 அதிர்வை முழுமையாக வெளியிடாது. அதனை ஈடுசெய்யப் பேஸ் திருகை முற்றும் ஏற்றினால் ஆர்ப்பே மிஞ்சும். விரலும் அடங்கவேண்டும். தாழ்ந்த நரம்பை வன்மையாக இழுத்து மீட்டுவோன் தானே அதிர்வை விளைவிக்கின்றான்.

வேலைகளின் ஒழுங்கு

நரம்பு, மேரு, தண்டியின் வளைவு, உயரம், நீளம், பிக்கப் என்னும் இந்த ஒழுங்கு மாறலாகாது. வளைவு மாறினால் உயரம் மாறும். உயரம் மாறினால் சுரம் மாறும். கடைசி வேலையை முதலிற் செய்தவன் அதனை மறுபடியும் செய்யவேண்டியவனாவான்.

இவ்வளவும் வேண்டாதார்க்கு எளிய வழி ஒன்றும் உண்டு. தடித்த நரம்பை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் டீ, ஏ, டீ, ஜீ என்றாகும். இரண்டு கட்டையில் பாடுவோனுக்கு அவை ச, ப, ச, ம. தம்புராவுக்கு உறவான சுருதி இது. மாறியது ஒரு நரம்பே. தண்டியின் பிடியில் சிறு பங்கே குறையும். ஆயின் அந்நரம்பிலுள்ள சுரங்கள் இரண்டு மெட்டு மேலே தள்ளிப்போகும். வாசிப்போன் விரல்களை அதற்குப் பழக்குதல் வேண்டும்.

பெட்டிக்குள் வைத்த தாள்

நம் மாணவர் கனமான நரம்பு பூட்டி, நான்கையும் முழுச் சுரம் இறக்கும் வழியையே தேர்ந்தனர். அரத்தைத் தொடவில்லை, தாங்கிகளை நகர்த்தினோம், கோலைக் கால் சுற்று மட்டும் தளர்த்தினோம். பரிசளிப்பு விழாவில் அதே மாணவன் இரண்டு கட்டையில் பாடினான். அவனுடைய சட்சத்தின்கீழ்த் திறந்த நரம்பு செக்கனுக்கு 37 முறை அதிர்ந்து நின்றது. சலசலப்பு இல்லை. உடைந்த குரல் எனத் தோழர் கருதியது, இடம் மாறிய குரலே என்பதை அவையோர் அன்று அறிந்தனர். குரலுக்குக் கருவி இணங்குதல் தகும். கருவிக்காகக் குரலை விலக்குதல் தகாது. வகுப்பறையிலும் யாம் இதனை அடிக்கடி நினைக்கின்றோம்.

ஒன்று சொல்லி முடிப்போம். யாழின் குற்றங்களுக்குப் பெயர் எஞ்சியது. பத்தர், கோடு, திவவு, மாடகம் என உறுப்புகளின் பெயரும் எஞ்சின. அவற்றைச் செய்து செம்மையாக்கிய கைகளின் அறிவு எஞ்சவில்லை. எந்த நரம்பு எவ்வளவு தடித்தது, எவ்வளவு இழுத்துக் கட்டினர் என்று எழுதிவைத்தாரைக் காணோம். அதனாலன்றோ, பௌதிகமும் தமிழும் ஒருங்கே கற்ற ஒரு பேரறிஞர், யாழுறுப்பியல் என்றும் இசைநரம்பியல் என்றும் இயல் வகுத்து, ஆண்டுக் கணக்காகக் கணக்கிட்டு அதனை மீட்கவேண்டியதாயிற்று. பேஸ் கிற்றார் மேல்நாட்டுக் கருவி என்று சொல்லி அதன் அறிவை எழுதாது விடுவோமாயின், நாமும் அப்பழைய பிழையையே செய்தவராவோம்.

ஆதலின் நரம்புகளின் தடிப்பு, தண்டியின் இடைவெளி, பன்னிரண்டாம் மெட்டின் உயரம், கோலைத் திருப்பிய அளவு, செய்த நாள் ஆகியவற்றை மாணவர் ஒரு தாளில் எழுதிக் கிற்றார்ப் பெட்டிக்குள் வைத்துள்ளனர். எழுதியவன் குரல் உடைந்த அம்மாணவனே. கருவியை அளித்த அன்பர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியைத் திறந்து பார்ப்பாராக. இசையறையில் வீணை, மிருதங்கம், வயலின் முதலிய பிற கருவிகளும் உள. அவற்றைச் செம்மை செய்யும் முறை அறிந்த பழைய மாணவர்கள் அவ்வவற்றிற்கும் ஒவ்வொரு தாள் எழுதித் தருவார்களாயின், பின்வரும் மாணவர் நம்மை நன்றியோடு நினைப்பர்.